விளம்பர கிளிக் விகிதத்தை இரட்டிப்பாக்கும் வடிவமைப்புச் சேவை: பணம் கட்டுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை

வலைத்தளத்தின் பக்க அமைப்பை மாற்றி, விளம்பரங்களுக்குக் கிடைக்கும் கிளிக் விகிதத்தை, அதாவது அவற்றைப் பார்ப்பவர்களில் கிளிக் செய்பவர்களின் பங்கை, இரண்டு மடங்காக்கித் தருவதாக ஒரு வடிவமைப்பு நிறுவனம் என்னிடம் பணம் பெற்றுக்கொண்டது. சொன்னபடியே விகிதம் உயரவும் செய்தது. அந்த உயர்வு எப்படி உண்டாக்கப்பட்டது, அதனால் என் விளம்பர வருவாய்க்கு என்ன நேர்ந்தது என்பதை, இதே சேவையை வாங்க எண்ணியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே முறையை வெவ்வேறு பெயர்களில் விற்பவர்கள் பலர் இருப்பதால், பெயரைவிட முறையை அறிந்திருப்பதே உதவும்.

அவர்கள் பேசத் தொடங்கியபோது சொன்ன செய்திகளில் பொய் எதுவும் இல்லை. 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் தளத்தில் வெளியான முதல் பேனர் விளம்பரத்தைப் பார்த்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் அதைக் கிளிக் செய்ததாகச் சொல்லப்படுவதையும், இன்று பெரும்பாலான பேனர்களுக்கு நூற்றுக்கு ஒருவர்கூடக் கிடைப்பதில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். விளம்பரம்போலத் தோன்றும் எதையும் கண் தானாகவே தாண்டிச் செல்லும் ‘பேனர் குருட்டுத்தன்மை’ பற்றி 1998 முதல் ஆய்வுகள் பேசிவருவதையும் விளக்கினார்கள். ஆகவே விளம்பரம் விளம்பரமாகத் தெரியாதபடி பக்கத்தை அமைக்க வேண்டும் என்று முடித்தார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாமே இருந்தது.

என் தளத்தில் இருப்பவை நீண்ட கட்டுரைகள். புதிய அமைப்பில், கைபேசித் திரையின் மெனு பட்டனை ஒட்டி ஒரு விளம்பரமும், ‘அடுத்த பக்கம்’ பட்டனுக்கு மேலே விரல் நுனி அளவுகூட இடைவெளி விடாமல் இன்னொன்றும் வைக்கப்பட்டன. ‘தொடர்புடைய கட்டுரைகள்’ பகுதியில் சிறு படங்களும் தலைப்புகளும் வரும் கட்டங்களுக்கு நடுவே, அதே எழுத்துருவிலும் அதே பின்னணி நிறத்திலும் ஒரு விளம்பரக் கட்டம் நுழைக்கப்பட்டது; முன்பு அதன் தலையில் இருந்த ‘விளம்பரம்’ என்ற சொல் நீக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும்விட மோசமானது, பக்கத்தின் மேற்பகுதியில் வரும் விளம்பரத்துக்கு உயரம் ஒதுக்காமல் விட்டிருந்ததுதான். பக்கம் திறந்து வாசகர் ஓர் இணைப்பைத் தொடப்போகும் நேரத்தில் விளம்பரம் வந்து இறங்கும், இணைப்பு கீழே தள்ளப்படும், விரல் விளம்பரத்தின் மேல் படும். இதை நான் ஒரு குறைபாடாகச் சுட்டிக்காட்டியபோது, “வேலை செய்வதே அந்தப் பகுதிதான், அதை மாற்றாதீர்கள்” என்று பதில் வந்தது.

இப்படி விழும் கிளிக்குகளுக்கு என்ன மதிப்பு? தவறித் தொட்டவர் விளம்பரதாரரின் பக்கம் திறந்து முடிப்பதற்குள் பின்னுக்குத் திரும்பிவிடுகிறார். விளம்பரதாரர்களின் விளம்பரங்களைத் தளங்களில் காட்டித் தரும் விளம்பர வலையமைப்புகளுக்கு இது தெரியாமல் இருப்பதில்லை. அத்தகைய வலையமைப்புகளில் ஒன்றான கூகுள் ஆட்சென்ஸின் விதிகள், மெனு, பதிவிறக்க பட்டன் போன்றவற்றை ஒட்டி விளம்பரம் வைப்பதையும், தளத்தின் உள்ளடக்கம்போல விளம்பரத்தைக் காட்டுவதையும் வெளிப்படையாகவே தடுக்கின்றன. தவறான கிளிக்குகள் எனக் கண்டறியப்படுபவற்றுக்கான தொகை பதிப்பாளரின், அதாவது தளத்தை நடத்துபவரின், வருவாயிலிருந்து கழிக்கப்படும். தவறுதலான தொடுகைகள் மிகும் இடங்களில், முதல் தொடுகைக்குப் பிறகு இன்னொரு பட்டனையும் தொட்டால்தான் விளம்பரம் திறக்கும் முறையும் உண்டு. நான் கணக்கு வைத்திருந்த வலையமைப்பில் இவை இரண்டும் எனக்கு நடந்தன. உயர்ந்த விகிதம் பழைய நிலைக்கும் கீழே இறங்கியது. மாத இறுதிக் கணக்கில் கழிவுத் தொகை தனி வரியாக வந்து நின்றது.

நிறுவனம் எனக்கு அனுப்பிய அறிக்கையில் இந்தக் கழிவு இல்லை. கழிவுக்கு முந்தைய மதிப்பிடப்பட்ட வருவாயை மட்டும் எடுத்து, கழிவு போக வரும் இறுதி வருவாயைத் தொடாமல், அழகான வரைபடம் போட்டிருந்தார்கள். அதோடு, செப்டம்பர் மாதத்தின் பழைய அமைப்பை டிசம்பர் மாதத்தின் புதிய அமைப்போடு ஒப்பிட்டிருந்தார்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் விளம்பரதாரர்கள் கூடுதலாகச் செலவிடுவதால், எதையும் மாற்றாத தளங்களுக்கே அப்போது வருவாய் கூடுவது வழக்கம். இரண்டு அமைப்புகளையும் ஒரே காலத்தில், வாசகர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் காட்டிச் சோதித்தால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்டதற்கு, அது தேவையற்ற செலவு என்றார்கள்.

தேடல் வழியாக வரும் வாசகர்களும் குறைந்தார்கள். காரணம் இதுதான் என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் பக்கம் திறந்த பிறகு உள்ளடக்கம் எவ்வளவு இடம்பெயர்கிறது என்பதை கூகுள் 2021 முதல் தேடல் தரவரிசைக்கான குறிகளில் ஒன்றாகக் கொள்கிறது. அந்த அளவு 0.1-க்குள் இருந்தால் நல்லது என்பது அவர்களே வெளியிட்ட வரம்பு. என் புதிய பக்கங்கள் அதைப் பலமுறை தாண்டியிருந்தன. இதைச் சோதிக்கும் கருவிகள் இலவசம் என்பதால், எந்த வடிவமைப்பையும் ஏற்கும் முன் ஒரு கைபேசியில் நீங்களே பார்த்துவிடலாம்.

கிளிக் விகிதம் என்ற இலக்கே இப்போது பழையதாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்சென்ஸ் 2024 தொடக்கத்திலிருந்து பதிப்பாளர்களுக்குக் கிளிக் அடிப்படையில் அல்லாமல் பார்வை அடிப்படையில், அதாவது விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதை வைத்து, பணம் தரும் முறைக்கு மாறியது. விளம்பரம் உண்மையில் கண்ணில் பட்டதா என்பதற்கும் பொது அளவுகோல் இருக்கிறது. சாதாரண பேனரில் பாதியாவது திரையில் ஒரு வினாடி தொடர்ந்து நின்றால்தான் அது பார்க்கப்பட்டதாகக் கணக்காகும். எனவே ஒழுங்காக வேலை செய்யும் வடிவமைப்பாளர், விளம்பரத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குவார், வாசகர் நின்று படிக்கும் பத்திகளுக்கு இடையே அதை வைப்பார், பட்டன்களிலிருந்து விலக்குவார், ‘விளம்பரம்’ என்ற சொல்லை விட்டுவைப்பார். அவர் எழுதித் தரும் ஒப்பந்தத்தில் கிளிக் விகிதத்துக்குப் பதிலாக, கழிவுகள் போக ஆயிரம் பார்வைக்கான இறுதி வருவாய் அளவாக இருக்கும். என் ஒப்பந்தத்தில் விகிதம் மட்டுமே இருந்ததைக் காட்டித்தான் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள். வாக்களித்த எண்ணை எட்டிவிட்டோம் என்பது அவர்களின் ஒரே பதில்.

பழைய பக்க அமைப்பின் கோப்புகளையும் அவர்கள் நகல் எடுக்காமலேயே அழித்திருந்தார்கள். பக்கங்களை இப்போது வேறொருவரைக் கொண்டு மீண்டும் கட்டிவருகிறேன். மெனுவையும் ‘அடுத்த பக்கம்’ பட்டனையும் ஒட்டியிருந்த விளம்பரங்களை நீக்கிய பிறகு கழிவுத் தொகை குறைந்திருக்கிறது. இரண்டாவது தொடுகை கேட்கும் கட்டுப்பாடு சில இடங்களில் இன்னும் விலகவில்லை.