ஆபீஸுக்கு நெட் கேபிள் இழுக்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் சுவர்ப் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள்

மேற்கு மாம்பலத்தில் எங்களுடையது சின்ன ஆடிட்டர் ஆபீஸ். எட்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். புதிதாக 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு எடுத்து, அதை எல்லா மேசைக்கும் பிரித்துக் கொடுக்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரித்து ஒருவரைப் பிடித்தோம். கொட்டேஷனில் அவர் எழுதித் தந்தது: கேட் 6 தரத்தில் சுத்த காப்பர் கேபிள், மேசைக்கு ஒரு தனி லைன், இணைப்பை எல்லா லைனுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஸ்விட்ச்.

வேலை முடிந்து பார்த்தால் எந்த மேசையிலும் வேகம் 95-ஐத் தாண்டவில்லை. "உங்க லைன்தான் வீக் சார், நெட் கம்பெனிக்காரன் ஏமாத்தறான்" என்றார். நாம் அங்கே சண்டைக்குப் போவதற்குள் மீதிப் பணத்தை வாங்கிவிடலாம் என்ற கணக்கு போல. நெட் கம்பெனிப் பையன் வந்து மோடத்திலேயே நேராக லேப்டாப்பைச் செருகினான். 300 முழுசாக வந்தது. அப்புறம் அவனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மேசைக்கடியில் இருந்த சுவர்ப் பெட்டியைக் கழற்றினான்.

உள்ளே ஒரே ஒரு கேபிள். அதன் எட்டு கம்பிகளில் ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் ஒரு சாக்கெட்டுக்கு; நீலம், பழுப்பு ஜோடிகள் பக்கத்து சாக்கெட்டுக்கு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதாவது இரண்டு மேசைக்கு ஒரு கேபிளை இழுத்துவிட்டு இரண்டுக்குக் காசு வாங்கியிருக்கிறார். ஸ்விட்ச் மட்டும் சொன்னபடியே கிகாபிட். அதில் ஒரு நாணயம்!

கேபிளும் மட்டம். மேல்தோலில் என்னவோ கேட் 6 என்றுதான் அச்சடித்திருக்கிறது. ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினோம், உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். மேலே செம்புப் பூச்சு, அவ்வளவுதான். சுத்தச் செம்பாக இருந்தால் எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறம்தான் தெரியும்.

இது போதாதென்று அவர் மாட்டிய ரௌட்டரும் கம்பெனி மோடமும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் உட்கார்ந்துகொண்டு, இரண்டும் கம்ப்யூட்டர்களுக்கு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்துக்கொண்டிருந்தன. அதனால்தான் மதியமானால் யாராவது ஒருவருக்கு நெட் போய்விடும். அவர் மாட்டிய ரௌட்டரில் டிஎச்சிபி-யை, அதாவது ஐபி கொடுக்கும் வேலையை, அணைத்து, அதன் முகவரியை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் பாஸ்வேர்டு அவரிடம். கேட்டால், "அது உங்களுக்கு எதுக்கு சார், நானே வந்து பண்றேன்" என்கிறார். வருவதற்கு விசிட் சார்ஜ் 1000 ரூபாய். பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் ஊசியை வைத்து அழுத்தி நாங்களே உள்ளே போனோம். சொந்த ரௌட்டரின் சாவியை இன்னொருவரிடம் விடுவதா? வாடிக்கையாளர்களின் பான், ஜிஎஸ்டி விவரமெல்லாம் இந்த நெட்வொர்க்கில்தான் போய்வருகிறது.

இப்போது வேறு ஆளை வைத்துக் கேபிளை மாற்றியாயிற்று. இந்த முறை ஒவ்வொரு மேசையிலும் விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட்டைத் திறந்து, லிங்க் ஸ்பீடு 1000/1000 என்று காட்டிய பிறகுதான் காசு. 100/100 என்று காட்டினால் கம்பியிலோ ஸ்விட்சிலோ கம்ப்யூட்டரின் போர்ட்டிலோ கோளாறு; நெட் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேபிளின் பிராண்டைப் பெயரோடு பில்லில் எழுதி, ஜிஎஸ்டி எண்ணும் போட்டு வாங்கினோம். முதல் ஆள் கொடுத்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு.

அவருக்குத் தரவேண்டிய மீதியை நிறுத்தி வைத்திருக்கிறோம். தினமும் காலையில் வாட்ஸப்பில் ரோஜாப்பூவோடு குட்மார்னிங் வருகிறது. கொடுப்பதாக இல்லை.