கேள்வியா, தரவா: ஆய்வை எதில் தொடங்குவது?

மூலக்கூறு உயிரியலுக்கு வரும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இது: ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவதா, தரவை அள்ளிக் குவித்துவிட்டுப் பிறகு யோசிப்பதா?

செலவு
கேள்வி: பெரும்பாலும் மூளைக்குத்தான் வேலை.
தரவு: மனித டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படித்தறிய எடுத்த மனித மரபணுத்தொகுதித் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் முடிந்தது; ஏறக்குறைய 300 கோடி டாலர். இன்று டிஎன்ஏவை இப்படி வரிசைப்படுத்துவது மலிவு. அலசத்தான் ஆள் கிடைப்பதில்லை.

விடையின் தெளிவு
கேள்வி: டிஎன்ஏ தன்னை எப்படி நகலெடுக்கிறது என்ற கேள்விக்கு 1958இல் மெசல்சன், ஸ்டால் என்ற இரு ஆய்வாளர்கள் செய்ததைப் பாருங்கள். பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15இல் வளர்த்து, சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி, அதன் டிஎன்ஏவை கனம் வாரியாகப் பிரியும்படி சீசியம் குளோரைடு என்ற உப்பின் கரைசலில் அதிவேகமாகச் சுழற்றினார்கள். ஒரு தலைமுறை கழித்து டிஎன்ஏ ஒரே பட்டையாக, கனத்துக்கும் லேசுக்கும் நட்டநடுவில். அடுத்த தலைமுறையில் இரண்டு: ஒன்று நடுவில், இன்னொன்று லேசான இடத்தில். ஆக, ஒவ்வொரு நகலிலும் ஓர் இழை பழசு, ஓர் இழை புதுசு. கண்ணாலேயே பார்த்துவிடலாம். (எத்தனை முறை பாடம் எடுத்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.)
தரவு: இவ்வளவு துல்லியமாக வராது. ஆயிரம் தொடர்புகள் தெரியும். எது காரணம், எது தற்செயல் என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எதிர்பாராதது
கேள்வி: கேட்டதற்கு மட்டும் பதில்.
தரவு: இங்கே இதுதான் ஜெயிக்கிறது. மனிதனுக்கு ஒரு லட்சம் மரபணுக்கள் இருக்கலாம் என்று பலர் நினைத்தார்கள். தரவு வந்த பிறகு தெரிந்தது: புரதம் தருபவை சுமார் 20,000தான்.

என் சாய்வு கேள்விப் பக்கம், மறைக்கவில்லை. ஒரு செயல் எப்படி நடக்கிறது என்று அறிய அதுவே பொருத்தம். யாரும் எட்டிப்பார்க்காத உயிரியோ, காரணமே பிடிபடாத அரிய நோயோ என்றால் தரவில் தொடங்குங்கள்.