கோத்தகிரி மழையில் ஃப்ரீசர்ஃபர்

ஒரே ஆளுக்கு வெவ்வேறு சமயங்களில் எடுத்த மூன்று மூளை எம்ஆர்ஐ படங்களைப் பொருத்திப் பார்க்க, கோத்தகிரி வீட்டில் ஃப்ரீசர்ஃபர் என்ற, மூளைப் படங்களை அலசி அளக்கும் மென்பொருளை ஓட்டினேன். காசு கிடையாது, பதிவு செய்து உரிமக் கோப்பு வாங்கினால் போதும், ஆனால் விண்டோஸில் நேரடியாக ஓடாது, லினக்ஸோ மேக்கோ வேண்டும். எனக்குப் பிடித்தது இதுதான்: முதல் படத்தையே அளவுகோலாக்கி மற்றவற்றை அதற்கு வளைக்காமல், மூன்றையும் சேர்த்து நடுநிலையாக ஒரு வார்ப்புரு, அதாவது பொது மாதிரிப் படம், செய்து, அதை வைத்து ஒவ்வொன்றையும் மறுபடி அலசுகிறது. இல்லாவிட்டால் முதல் படத்துக்கு ஓரவஞ்சனை ஆகிவிடும், மூளையின் வெளி அடுக்கான புறணியின் தடிமனில் தெரியும் மாற்றம் நிஜமா பொய்யா என்றே சொல்ல முடியாது. நேரம்தான் தின்கிறது, ஒரு படத்துக்கே பல மணி நேரம். நடுராத்திரி கரண்ட் போய் எனக்குப் பாதி வேலை வீண். அப்புறம் யுபிஎஸ் வாங்கினேன், அது தனிச் செலவு!