‘தி கனடியன்’ ரயிலின் சமவெளிப் பகுதி: ஒரு மதிப்புரை

டொரன்டோவிலிருந்து வான்கூவர் வரை 4,466 கிலோமீட்டர் ஓடும் கனடாவின் பயணிகள் ரயில் நிறுவனமான வியா ரயிலின் ‘தி கனடியன்’ வண்டியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ராக்கி மலைகளையே வியந்து எழுதுகிறார்கள். வின்னிப்பெக்கிற்கும் எட்மன்டனுக்கும் இடைப்பட்ட புல்வெளிச் சமவெளியோ ரயில் ஆர்வலர்களின் கேலிக்குத்தான் தீனியாகிறது. இந்தச் சமவெளியில் உள்ள சஸ்காச்சுவான் மாகாணத்தில் வளர்ப்பு நாய் ஓடிப்போனாலும் அது ஓடுவதை மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பது அங்கு வழங்கும் பழைய வேடிக்கை. எதிர்வரும் வண்டியின் முகவிளக்கு தெரிந்த பிறகு ஓட்டுநர் சாப்பிட்டு, தூங்கி எழவும் நேரமிருக்கும் என்பது அதன் ரயில் வடிவம். சிரிப்பில் நியாயம் உண்டு. ஆயினும் ரயிலையும் இருப்புப்பாதையையும் பார்ப்பதற்கென்றே பயணம் செய்பவருக்கு, நான்கு இரவுகள் நீளும் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி இந்தச் சமவெளிதான் என்பேன்.

அதற்கு முதல் காரணம் பெட்டிகள். 1955இல் கனடியன் பசிபிக் நிறுவனம் இந்த வண்டியைத் தொடங்கியபோது, அமெரிக்காவின் பட் நிறுவனம் கட்டிக்கொடுத்த துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகளே புதுப்பிக்கப்பட்டு இன்றும் ஓடுகின்றன. ‘ஸ்கைலைன்’ பெட்டியின் மாடியில் கண்ணாடிக் கூரையின் கீழ் 24 இருக்கைகள் உள்ளன. ஒன்டாரியோவின் காடுகளில் அங்கிருந்து தெரிவது பெரும்பாலும் மரங்கள்தான்; சமவெளியிலோ பாதை மெல்ல வளையும்போது நம் வண்டியின் எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை வெயிலில் பளபளப்பதையும், தொலைவில் தானியக் கிடங்கு முதலில் ஒரு புள்ளியாகத் தோன்றி, நெடுநேரம் கழித்தே கட்டடமாக உருவெடுப்பதையும் காணலாம்.

நிலையங்களின் பெயர்களும் சுவையானவை. 1990 முதல் வண்டி கனடியன் நேஷனல் என்ற சரக்கு ரயில் நிறுவனத்தின் வடக்குப் பாதையில் செல்கிறது. அதன் இந்தப் பகுதியை அமைத்த கிராண்ட் டிரங்க் பசிபிக் நிறுவனம் ஊர்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர் சூட்டிக்கொண்டே போயிருக்கிறது. சஸ்காச்சுவானின் மெல்விலைத் தாண்டியதும் ஃபென்வுட் (F), குடீவ் (G), ஹப்பர்ட், இடூனா, ஜாஸ்மின், கெலிஹர், லெஸ்டாக் என்று வரிசை நகர்ந்து, யங் (Y), செல்மா (Z) வரை போய், ஆலன் (A), பிராட்வெல், கிளாவெட் என்று மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. பெரும்பாலான ஊர்களில் வண்டி நிற்பதில்லை; பெயர்ப் பலகையைப் படிக்கக் கண்ணைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தட்டையான நிலம் என்ற கேலியும் முழு உண்மையன்று. ஆல்பர்ட்டாவில் ஃபேபியன் அருகே, ஏறத்தாழ 60 மீட்டர் உயரமும் 800 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட எஃகுப் பாலத்தின் வழியே வண்டி பேட்டில் ஆற்றைக் கடக்கிறது. கீழே பள்ளத்தாக்கு இருப்பது பாலத்தில் ஏறும்வரை தெரிவதே இல்லை.

குறை என்றால் நேரம்தான். பாதை அந்தச் சரக்கு ரயில் நிறுவனமான கனடியன் நேஷனலுக்குச் சொந்தமானது. அதன் வண்டிகள் பல 3 கிலோமீட்டரைத் தாண்டுகின்றன. பல இடங்களில் வண்டி ஒதுங்கி நிற்பதற்கான லூப் லைன் என்ற பக்கப் பாதை அவ்வளவு நீளமில்லாததால், எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும்போது ஒதுங்கி நிற்க வேண்டியது பயணிகள் வண்டிதான். மணிக்கணக்கான தாமதம் இங்கே வழக்கமாகிவிட்டதால், வான்கூவரில் இறங்கிய அன்றே விமானம் பிடிக்கத் திட்டமிடுவது விவேகமாகாது. சரக்கு வண்டிகளை ரசிப்பவருக்கு மட்டும் இந்தத் தண்டனையே விருந்து: கோதுமை, பொட்டாஷ், எண்ணெய் என்று வேகன்கள் ஜன்னலை உரசுவதுபோல ஓடிக்கொண்டே இருக்கும்.

படுக்கை வகுப்பில் உணவும் கட்டணத்தில் அடங்கும். மேல் படுக்கை மலிவு, ஆனால் அதற்கு ஜன்னல் கிடையாது. சமவெளியை மட்டும் பார்க்க விரும்புபவர், சாதாரண வகுப்பிலேயே வின்னிப்பெக்கிலிருந்து எட்மன்டனுக்குச் சீட்டு வாங்கலாம். அந்த வகுப்புக்கும் ஸ்கைலைன் மாடி உண்டு. மலைகள் நெருங்கும்போது அங்கே இடம் பிடிக்கப் போட்டி இருக்கும். சமவெளியில் முன்வரிசை இருக்கைகூட எளிதாகக் கிடைக்கும்.