பாலையாவின் பின்னால் போன வழி: வீட்டில் பழைய படம் பார்க்கும் அனுபவம்

நல்ல பழைய படம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், யோசிக்காமல் வந்து விழும் பதில் பராசக்தி, பாசமலர், கர்ணன். மூன்றும் பெரிய படங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் பழைய படம் என்றாலே செல்போனைக் கையில் எடுக்கும் ஒருவரை முதல் நாளே பாசமலர் முன்னால் உட்கார வைத்தால் அதோடு சரி. அடுத்த வாரம் அவருக்கு வேறு வேலை வந்துவிடும்.

சில வருடங்களாக எங்கள் வீட்டு ஹாலில் வாரம் ஒரு பழைய படம் ஓடுகிறது. நடுவில் தவறும் வாரங்களும் உண்டு. 1940களிலிருந்து 70களின் கடைசி வரை எதுவும் விலக்கில்லை. நான், மனைவி, அம்மா மூவரும் நிரந்தர ரசிகர்கள். விடுமுறைக்கு வரும் அக்கா மகனும், மேல்வீட்டுக் குழந்தைகளும் அவ்வப்போது வந்து சேர்வார்கள். இத்தனை நாள் ஓட்டியதில் தெரிந்துகொண்ட முதல் விஷயம், பரிந்துரைக்கும்போது படத்தின் பெருமையைப் பார்க்கக் கூடாது, பார்க்கப் போகிற ஆளைப் பார்க்க வேண்டும் என்பது.

அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். வெளிநாட்டு க்ரைம் தொடர்களை விடிய விடியப் பார்ப்பவன். அவனுக்கு அந்த நாள் போட்டேன். வீணை வித்வான் எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். தயாரித்து 1954இல் வந்த படம். பாட்டே கிடையாது, நடனமும் கிடையாது. படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டுச் செத்து விழுகிறார். அப்புறம் துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் வேறு ஒருவர் கொலைகாரராகத் தெரிகிறார். 1943இல் சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு போட்டதே, கதை நடப்பது அந்தச் சமயத்தில். பாதிப் படத்தில், "மாமா, இது நிஜமாவே 1954ல வந்த படமா?" என்று கேட்டான். படம் முடிந்ததும் குண்டு விழுந்த கதையைத் தேடிப் படிக்கப் போய்விட்டான். கொலையாளி யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். எழுபது வருடம் ஆனாலும் சொல்லக் கூடாத முடிவு அது.

அம்மாவின் தேவை வேறு. அவருக்குப் பாட்டு வேண்டும், சாவித்திரி வேண்டும், கடைசியில் யாரும் சாகக் கூடாது. மிஸ்ஸியம்மா (1955) அதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. வேலை கிடைப்பதற்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லிக்கொண்டு போகும் ஜெமினி கணேசனும் சாவித்திரியும், ஊர்ப் பெரிய மனிதராக எஸ்.வி. ரங்காராவ், துப்பறிகிறேன் என்று அலையும் தங்கவேலு. எல்.வி. பிரசாத் எங்கேயும் அவசரப்படவில்லை, எங்கேயும் இழுக்கவும் இல்லை. 'வாராயோ வெண்ணிலாவே' பாட்டில் சாவித்திரி முகத்தில் கோபமும் சிரிப்பும் மாறி மாறி வருவதைப் பார்க்க மனைவி ரிமோட்டைப் பின்னால் தள்ளி இன்னொரு தடவை போடுவார்.

குழந்தைகளுக்கு மாயா பஜார் (1957). இதில் எனக்கு ஒரு தோல்விகூடக் கிடையாது. கடோத்கஜனாக ரங்காராவ் உட்கார்ந்திருக்க, லட்டுகள் தாமாகப் பறந்து வாய்க்குள் போகும் இடத்தில் இன்றைய குழந்தைகளும் வாய் பிளக்கிறார்கள். அதைவிட அருமை, கடோத்கஜன் பெண்ணுருவம் எடுத்த பிறகு சாவித்திரி அவனைப் போலவே மிரட்டி நடிப்பது. அது பெரியவர்களுக்கு.

யாருக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியாவிட்டால் காதலிக்க நேரமில்லை (1964). வண்ணப்படம் என்பதால் கருப்பு வெள்ளைத் தடையும் இல்லை. படம் எடுக்கத் துடிக்கும் நாகேஷ் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைத் துண்டு வீடியோவாகப் பார்க்காதவர்கள் குறைவு. முழுப் படத்தில் அது வரும் இடத்தில் பார்த்தால் சுவை வேறு.

சரி, தெரிந்த படங்கள் தீர்ந்த பிறகு என்ன செய்வது? செயலிகளின் பரிந்துரை இந்த விஷயத்தில் உதவவில்லை. ஒரு சிவாஜி படம் பார்த்தால் இன்னும் இருபது சிவாஜி படத்தைக் காட்டும், அவ்வளவுதான். நான் பிடித்த வழி துணை நடிகர்களைப் பின்தொடர்வது. அந்தப் பேய்க்கதைக் காட்சியில் முகத்தாலேயே சிரிக்க வைக்கும் டி.எஸ். பாலையாவிடமிருந்து தொடங்கினேன். திருவிளையாடல் (1965) படத்தில் கர்வம் பிடித்த ஹேமநாத பாகவதர் அவர்தான். பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'ஒரு நாள் போதுமா'வுக்கு அவர் வாயசைப்பதைப் பார்த்தால் அவரே பாடியது என்று சத்தியம் செய்யலாம். தில்லானா மோகனாம்பாளில் (1968) தவில்காரர். பாமா விஜயத்தில் (1967) மூன்று மகன்களையும் மருமகள்களையும் வைத்துக்கொண்டு முழிக்கும் அப்பா. அப்படியே பின்னால் நகர்ந்தால் அண்ணாதுரை கதை வசனம் எழுதிய வேலைக்காரி (1949). அங்கே வேறு ஒரு பாலையா இருக்கிறார், இளமையும் சூதும் கலந்த ஆள். எம்.ஜி.ஆருக்கு முதல் படமான சதிலீலாவதி (1936)தான் இவருக்கும் முதல் படம். கதாநாயகனைப் பின்தொடர்ந்தால் ஒரே வகைப் படங்கள்தான் வரும். இவரைப் பின்தொடர்ந்ததில் புராணம், சமூகம், நகைச்சுவை, சங்கீதம் எல்லாம் வந்துவிட்டன.

இதே மாதிரி ஒளிப்பதிவாளரைப் பிடித்துக்கொண்டும் போகலாம். மிஸ்ஸியம்மாவின் நிலவொளியையும் மாயா பஜாரின் தந்திரக் காட்சிகளையும் எடுத்தவர் மார்கஸ் பார்ட்லி. அவர் பெயரைத் தேடிப் போய்த்தான் மலையாளத்துச் செம்மீன் (1965) எங்கள் ஹாலுக்கு வந்தது.

இனி குறைகள். பெரிய குறை பிரதி. யூடியூபில் பழைய படங்கள் இலவசமாகக் கிடைப்பது பெரிய வரம்தான், ஆனால் ஒரே படத்துக்கு நாலைந்து பிரதிகள் இருக்கும், நாலும் நாலு நீளம். நீளத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் வெட்டுப்பட்டவை பாட்டுகள். அந்தப் படத்தின் பாட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பிரதியை ஓட்டி ஓட்டி எல்லாப் பாட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இப்போது வீட்டில் அறிவிப்பே செய்கிறேன். வேகத்தைக் கூட்டி ஏற்றிய பிரதிகளும் உண்டு. குரல் கீச்சென்று கேட்டால் விட்டுவிடுங்கள். நான் கட்டணம் செலுத்தும் ஒரு செயலியில் பட்டியலில் சேர்த்து வைத்த படங்கள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போயின. உரிமம் முடிந்திருக்கும் போல. பார்க்க நினைத்த படத்தை அந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, டிவி. பழைய படங்களின் படச்சட்டம் கிட்டத்தட்டச் சதுரம். இன்றைய டிவி அகலம். பல வீடுகளில் அதை இழுத்துத் திரை முழுக்க நிரப்பி வைத்திருக்கிறார்கள். பத்மினி முகம் பூசணிக்காயாகத் தெரிகிறது, யாருக்கும் உறுத்தவில்லை! 1973இல் ராஜராஜ சோழன் வரும் வரை தமிழில் சினிமாஸ்கோப் என்ற அகலப்படம் கிடையாது. அதற்கு முந்தைய படம் அகலத்திரையை ஓரம் வரை நிரப்பினால், இழுத்திருக்கிறார்கள் அல்லது மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். படத்தின் அளவு என்ற அமைப்பில் 4:3 என்று மாற்றினால் இழுவை சரியாகிவிடும், வெட்டியதற்கு மருந்தில்லை. அசைவை மழுமழுவென்று ஆக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படம் சீரியல் போலத் தெரியும். ஒலிக்கு சரவுண்ட் வேண்டாம். வசனத்தைத் தூக்கிக் காட்டும் அமைப்பை வைத்தால் இரைச்சலுக்கு நடுவிலும் பேச்சு புரிகிறது.

நீளமும் ஒரு தொல்லை. எம்.ஜி.ஆர் இயக்கிய நாடோடி மன்னன் (1958) எங்களுக்கு இரண்டு இரவு ஆனது. இரண்டாம் இரவில், கருப்பு வெள்ளைப் படம் வண்ணத்துக்கு மாறும் இடம் வரும் என்று முன்கூட்டியே சொல்லாமல் இருந்தால் வேடிக்கையாக இருக்கும். சில படங்களை நான் தனியாகப் பார்ப்பதே உத்தமம் என்றும் முடிவு செய்திருக்கிறேன். கணவனுக்காக மனைவி உருகி உருகித் தேய்வதைத் தியாகம் என்று கொண்டாடும் கதைகள் நடிப்புக்காக நிற்கின்றன, ஆனால் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து விடும் பெருமூச்சில் என்னால் வசனம் கேட்க முடிவதில்லை. நியாயமான பெருமூச்சுதான்.

கிடைக்கவே கிடைக்காத படங்கள் தனிக் கதை. முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் (1931) படத்துக்குப் பிரதியே இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், வைத்த இடத்திலேயே மக்கிப்போகும், அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டதும் உண்டு. ஆகவே 1944இல் வந்து மூன்று தீபாவளி கண்ட ஹரிதாஸ் கீறலும் இரைச்சலுமாகவாவது வீட்டில் பார்க்கக் கிடைக்கும்போது படத்தின் தரம் பற்றி நான் அதிகம் முணுமுணுப்பதில்லை.

பாலையா ஒருவழியாக முடிந்து இப்போது வில்லன் நடிகர் பி.எஸ். வீரப்பாவில் இருக்கிறேன். போன வாரம் வஞ்சிக்கோட்டை வாலிபன் (1958). அதில் வீரப்பா சொல்லும் 'சபாஷ், சரியான போட்டி' ஊருக்கே தெரியும். பத்மினி, வைஜயந்திமாலா போட்டி நடனத்தை மட்டும் அம்மா மறுபடி போடச் சொன்னார். படத்திலேயே அந்தப் போட்டிக்கு முடிவு சொல்லாமல்தான் விட்டிருக்கிறார்கள். அம்மா பத்மினி கட்சி, மனைவி வைஜயந்திமாலா கட்சி. என்னிடம் கேட்டார்கள், தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.