மூணு வேளை மாத்திரை

கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நல்லபடியாக நடந்தது. வெயில் வழக்கம்போல மண்டையைப் பிளந்தது. அதையெல்லாம் விடுங்கள், எனக்குப் பேச வேண்டியது குடியாத்தத்தில் ஒரு மெடிக்கலில் கொடுத்த காகிதக் கவரைப் பற்றி.

அம்மாவுக்குத் தொண்டை வலி, லேசாகக் காய்ச்சல். நான் எழுந்திருப்பதற்குள் அண்ணி கடைக்கு ஆள் அனுப்பி, மூணு வேளைக்கு மாத்திரை வாங்கி, ஒரு வேளை போட்டும் ஆகிவிட்டது. மீதிக் கவரைக் கொட்டிப் பார்த்தேன். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பட்டையோடு கத்திரியால் நறுக்கிய ஒன்று. அந்த நறுக்கின் பின்பக்கம் '...சிம் 200' என்று மட்டும் மிச்சம். கம்பெனிப் பெயரும் காலாவதித் தேதியும் சிவப்புக் கோடும் மீதிப் பட்டையோடு கடையிலேயே தங்கிவிட்டன. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்காதே என்று சொல்வதற்காகப் போட்ட கோடு அது.

நேரே கடைக்குப் போனேன். அது என்ன மாத்திரை என்று கேட்டதும் பையன் ஒளிக்காமல் செஃபிக்சிம் என்றான். அந்த ஆன்டிபயாடிக்கை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் இரண்டையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்து சட்டம் அது. "நோட்டு எங்க?" என்றேன். சிரித்தான். "சரி, பில்லாவது குடுப்பா."

"நாப்பது ரூபாய்க்கு இன்னாண்ணா பில்லு?"

சின்ன வயதில் நாங்களும் இப்படித்தான். 'சளிக்கு ஒரு செட்டு' என்றால் போதும், வயசு மட்டும் கேட்பார்கள். கடையிலிருந்த பெரியவரின் கைராசி பற்றி எங்கள் தெருவே பேசும். லண்டனில் சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டால் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு தண்ணீர் குடி என்று அனுப்பிவிடுவார்கள். அங்கே போன புதிதில் அதற்காக எவ்வளவு திட்டியிருப்பேன்! ஆனால் பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும். ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. கண்டதற்கெல்லாம் தின்றால், நிஜமாகவே தேவைப்படும் நாளில் கிருமி அதற்கு மசியாது.

இத்தனைக்கும் நாம் யார்? 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைப் பக்கத்திலேயே வைத்திருப்பவர்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். நாம் கவரோடு திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.

திரும்பி வந்து அண்ணியோடு வாக்குவாதம் உச்சத்தில் இருந்தபோது வாசலில், "அம்மா, பிரஷர் பாக்கலாமா?" என்று குரல். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வரும் அரசுத் திட்டம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைத்தார்களே, அதுதான். செய்தியில் படித்தபோது தேர்தல் கூத்து என்று கடந்து போயிருந்தேன்.

அந்த அக்கா சொந்தக்காரி மாதிரி உள்ளே வந்தார். அம்மாவை முதுகு சாய்த்து உட்கார வைத்து, காலைக் கீழே ஊன்றச் சொல்லி, கையை மேஜை மேல் வைத்து, அஞ்சு நிமிஷம் பேசாமல் இருக்கச் சொன்னார். எங்கள் அம்மா அஞ்சு நிமிஷம் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். லண்டனில் என் கையில் பட்டையைச் சுற்றிய நர்ஸ், என் வார இறுதியைப் பற்றி விசாரித்துக்கொண்டேதான் அளந்தார்.

152/90. மாத பிரஷர் மாத்திரையை எடுத்து வைத்தவர் கண்ணில் கவர் பட்டுவிட்டது. மஞ்சளைத் தனியாகத் தள்ளினார். "இது வலி மாத்திரம்மா. பிரஷரை ஏத்தும், கிட்னிக்கும் ஆகாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் போடுங்க. மிச்சத்தை டாக்டர் கிட்ட காட்டாம தொடாதீங்க. மூணு நாளுக்கு மேல காய்ச்சல் இருந்தா பி.எச்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுங்க." டெங்குவாக இருந்தால் சில வலி மாத்திரைகளால் ரத்தக்கசிவு கூடும், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறார். சொன்ன கையோடு பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர் டிரம்மை எட்டிப் பார்த்தார். வாரம் ஒரு தரம் தேய்த்துக் கழுவி மூட வேண்டுமாம். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும்.

போகிற போக்கில் சமையலறைப் பக்கம் திரும்பி, "அந்த மாங்கா ஊறுகா ஜாடி போன மாசம் ரொம்பி இருந்துச்சே?" என்றார். ஒரு நாளைக்கு ஆறு கிராம் உப்புக்கு மேல் கூடாது என்று லண்டனில் எனக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்தவர்களுக்கு என் வீட்டு ஜாடி தெரியாது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலையே அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். செஃபிக்சிமை நிறுத்தச் சொன்னார். வெறும் பாரசிட்டமாலும் கஞ்சியுமாகக் காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது. அதற்குள் பேர்ணாம்பட்டுப் பெரியம்மாவிடம் அம்மா போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த மெடிக்கல்ல வாங்கினேன்டி, ஒரே வேளையில கேட்டுடுச்சு. இவன்தான் மீதியப் போடவுடாம பண்ணிட்டான்."