பேரல் டீசலுக்குத் தண்ணீர் பிரிக்கும் புனல்: வாங்கலாமா?

பேரலில் டீசல் வாங்கி வைத்து டிராக்டர் ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் புனல், உள்ளே டெஃப்ளான் பூசிய மெல்லிய கம்பி வலை, அதை ஒட்டி ஒரு சின்னக் குழி. டீசல் வலை வழியாக இறங்கிவிடும், தண்ணீரும் தூசியும் குழியில் தங்கிவிடும். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

மன்னார்குடி பக்கம் எங்களுக்கு வயல். தாளடிக்கு, அதாவது குறுவை அறுத்த பிறகு போடும் இரண்டாம் நெல்லுக்கு, சேறடிக்கிற நேரத்தில், கேஜ் வீல் (சேற்றில் புதையாமல் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரம்) மாட்டிய வண்டி நடு வயலில் இழுவை இல்லாமல் முக்கி முக்கி நின்றுவிட்டது. ஃபில்டரைக் கழற்றினால், குளத்துப் படிக்கட்டுப் பாசி மாதிரி கறுப்பாக, வழவழவென்று அப்பியிருக்கிறது. மெக்கானிக் டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்துவிட்டு, பேரலைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் இந்தப் புனலை வாங்கினோம்.

நம்பிக்கை வரட்டும் என்று ஒரு டம்ளர் தண்ணீரை டீசலோடு கலந்து ஊற்றிப் பார்த்தேன். வலை மேல் முத்து முத்தாக உருண்டு குழிக்குள் போனது, கீழே வைத்திருந்த பாட்டிலில் ஒரு சொட்டு தண்ணீர்கூட இல்லை. ஆனால் வலையை முதலில் டீசலில் நனைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது, சோப்புப் பட்டால் தண்ணீர் வலைக்குள் புகுந்துவிடும். நல்ல டீசலில் அலசினால் போதும்.

குறை என்னவென்றால், கலங்கிப் பால் நிறத்தில் இருக்கும் டீசலில் இது சரியாக வேலை செய்யாது, ராத்திரி முழுக்கத் தெளிய விட்டுத்தான் ஊற்ற வேண்டும். அந்தக் கறுப்பு வழவழப்பு வந்தால் வலை கொஞ்ச நேரத்தில் அடைத்துக்கொள்ளும். அது தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும். புனல் அதைக் கொல்லாது. கொல்லும் மருந்து தனியாக விற்கிறார்கள், ஆனால் பேரலைக் கழுவாமல் மருந்தை ஊற்றினால் செத்த கசடு பெயர்ந்து வந்து ஃபில்டரை இன்னும் அடைக்கும். அதனால் முதலில் பேரலைக் காலி பண்ணிக் கழுவிக் காய வையுங்கள், புனல் அப்புறம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் மழைத்தண்ணீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கிற காற்று விரிந்து வெளியேறும், ராத்திரி குளிர்ந்ததும் மூடி இடுக்கு வழியாக அந்தத் தண்ணீரையே உள்ளே இழுத்துக்கொள்ளும். கொட்டகைக்குள் கொஞ்சம் சாய்த்து, மூடி மேட்டுப்பக்கம் வருகிற மாதிரி வையுங்கள். கைப்பம்பின் குழாய் பேரலின் அடியைத் தொடக்கூடாது, நாலு விரற்கடை மேலே நிற்கட்டும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில்தான் கிடக்கும்.

பழைய வண்டி கொஞ்சம் தாங்கும். காமன் ரெயில் எஞ்சின் (ஒரே பொதுக்குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகிற வகை) வைத்த புது டிராக்டர் என்றால் தண்ணீர் நேராக டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கை வைக்கும், செலவு பெரிசு. அவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். பெரிய சைஸாகப் பார்த்து வாங்குங்கள். சின்னது பவர் டில்லருக்குப் போதும், டிராக்டர் டேங்கை அதில் நிரப்பி முடிப்பதற்குள் கேனைப் பிடித்த கை கடுத்துவிடும்.